ஃப்ளையிங் கிளப்பில் சேரும் முன்: தென்னாப்பிரிக்காவில் புதிதாகப் பறப்பவர்களுக்கு

டர்பனில் இருக்கும் வர்ஜீனியா விமானத் தளத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு வந்து பாருங்கள். ஒரு பக்கம் எம்4 நெடுஞ்சாலை, மறுபக்கம் இந்தியப் பெருங்கடல், நடுவில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான ரன்வே. அந்த நேரத்தில் இரண்டு விதமான ஆட்கள் கண்ணில் படுவார்கள். ஒருவர் கவுன்ட்டரில் கையெழுத்துப் போட்டு, சாவி வாங்கி, விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்புவார். இன்னொரு பக்கம் நாலைந்து பேர் வாளியும் துணியுமாக ஒரு செஸ்னாவின் வயிற்றுக்கு அடியில் குனிந்து உப்பைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். முதலாமவர் வாடகைக்கு எடுத்தவர். மற்றவர்கள் கிளப்.

நான் நான்கு வருடம் வாடகைக்கு எடுத்துப் பறந்தவன். இப்போது வாளி தூக்குகிறவன். பிபிஎல் (தனியார் விமானி) லைசென்ஸ் வாங்கியவர்களும், வாங்கப் போகிறவர்களும், சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வேலைக்கு வந்து இங்கே பறக்க ஆசைப்படுகிறவர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: வாடகையா, கிளப்பா, எது மலிவு? மலிவைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் அதை மட்டும் பார்த்துச் சேர்ந்தவர்கள் பலர் ஒரு வருடத்தில் விலகிவிட்டார்கள். நானும் அப்படி ஒரு முறை விலகியவன்தான்.

கிளப் என்றால் என்ன

சீட்டுப் பிடித்துப் பழக்கம் இருந்தால் உங்களுக்கு இது சுலபமாகப் புரியும். இந்த ஊரில் ஸ்டோக்வெல் என்பார்கள். பத்துப் பேர் மாதா மாதம் பணம் போடுவார்கள், முறை வரும்போது எடுத்துக்கொள்வார்கள். ஃப்ளையிங் கிளப்பும் அதே புத்திதான். பணத்துக்குப் பதில் விமானம் முறை வைத்துச் சுற்றி வருகிறது. சீட்டில் ஆள் சரியில்லை என்றால் பணம் போகும். இங்கேயும் ஆள்தான் முக்கியம்.

பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்றில் நீங்கள் பங்கு வாங்குகிறீர்கள். விமானத்தில் உங்களுக்கு ஒரு பாகம் சொந்தம், விலகும்போது அதை விற்கலாம். மற்றதில் சேர்க்கைக் கட்டணமும் மாதச் சந்தாவும் கட்டுகிறீர்கள். விமானம் கிளப்பின் சொத்து, விலகினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டாவது வகையே நல்லது என்பது என் கருத்து. பங்கு வாங்கியவர் அதை விற்க ஆள் தேடி மாதக்கணக்கில் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். அதுவரை மாதச் செலவும் அவர் தலையில்தான்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. பெயரில் மட்டும் கிளப். விமானம் ஒரே ஒருவருக்குச் சொந்தம், உறுப்பினர்கள் என்பவர்கள் வாடிக்கையாளர்கள்தான். இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அதை வாடகை என்றே எடுத்துக்கொண்டு வாடகையோடு ஒப்பிட வேண்டும். கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: "ஆண்டுப் பொதுக்கூட்டம் எப்போது நடந்தது? கணக்கு யார் பார்க்கிறார்கள்?" உண்மையான கிளப் ஒன்று விதிமுறை எழுதி வைத்த சங்கமாக இருக்கும், இல்லையென்றால் 2008ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் கீழ் லாப நோக்கமற்ற கம்பெனியாகப் பதிவாகியிருக்கும். இரண்டிலுமே கூட்டக் குறிப்பும் வரவு செலவும் எழுத்தில் இருக்கும்.

முதலில் உங்கள் காகிதங்கள்

கிளப்பைத் தேடும் முன் உங்கள் நிலை என்ன என்று பாருங்கள். லைசென்ஸே இல்லை, இனிமேல்தான் கற்க வேண்டும் என்றால், எல்லா கிளப்பும் உங்களுக்கு உதவாது. இந்த நாட்டில் பயிற்சி கொடுக்க பார்ட் 141 என்ற விதியின் கீழ் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனம் வேண்டும். சில கிளப்களுக்கு அது இருக்கிறது. கேப் பக்கம் ஸ்டெலன்போஷ் விமானத் தளத்தில் இருக்கும் கிளப் தானே பயிற்சிப் பள்ளியும் நடத்துகிறது. பல சின்ன கிளப்களுக்கு அந்த அங்கீகாரம் கிடையாது. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டு இன்ஸ்ட்ரக்டரைத் தேடினால் பணமும் காலமும் வீண்.

பிபிஎல் வாங்க 17 வயது ஆகியிருக்க வேண்டும், குறைந்தது 45 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். 45 மணியில் முடிப்பவர்கள் குறைவு. அதனால் பட்ஜெட் போடும்போது அறுபது மணி என்று போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவச் சோதனையை முதல் வேலையாகச் செய்துவிடுங்கள். பணம் கட்டிப் பாதி தூரம் வந்த பிறகு கண்ணோ காதோ இடிக்கிறது என்று தெரிந்தால் மனசு தாங்காது.

இந்தியாவில் டிஜிசிஏ (அங்குள்ள விமானத் துறை ஆணையம்) லைசென்ஸ் வாங்கிவிட்டு வந்தவர்களுக்கு: அதை வைத்துக்கொண்டு இங்கே இசட்எஸ் எழுத்து போட்ட, அதாவது தென்னாப்பிரிக்காவில் பதிவான விமானத்தில் அப்படியே ஏற முடியாது. மிட்ராண்டில் இருக்கும் சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டியிடம் அந்த லைசென்ஸுக்கு ஒப்புதல் வாங்க வேண்டும், அல்லது தென்னாப்பிரிக்க லைசென்ஸாக மாற்றிக்கொள்ள வேண்டும். அது முடியும் முன் கிளப் சந்தா கட்ட ஆரம்பிக்காதீர்கள். பறக்காமலே மாதம் மாதம் பணம் போகும்.

கணக்கு

எந்த கிளப்பானாலும் மூன்று தொகை கேட்கும்: சேர்க்கைக் கட்டணம், மாதச் சந்தா, மணிக்கு இவ்வளவு. ஒரு கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊர் நிலவரத்தைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வாடகை மணிக்கு 2,800 ராண்ட். கிளப்பில் மணிக்கு 2,200 ராண்ட், மாதச் சந்தா 800, சேர்க்கைக் கட்டணம் 5,000. மணிக்கு 600 ராண்ட் மிச்சம். ஆண்டுச் சந்தா 9,600. அதை 600ஆல் வகுத்தால் 16. அதாவது வருடத்துக்கு 16 மணி நேரம் பறந்தால்தான் சந்தாவுக்கே சரியாகும். முதல் வருடம் சேர்க்கைக் கட்டணத்தையும் சேர்த்தால் 24 மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும்.

இனி உங்கள் லாக்புக்கை எடுத்து, போன வருடம் நிஜமாக எவ்வளவு பறந்தீர்கள் என்று கூட்டிப் பாருங்கள். பறக்க நினைத்தது கணக்கில் வராது. பத்து மணிதான் பறந்திருக்கிறீர்கள் என்றால் பணக் கணக்கில் வாடகையே உங்களுக்குச் சரி. வருடத்துக்கு எட்டுப் பத்து மணி நேரம், அதுவும் விடுமுறையில் மட்டும் பறப்பவர்களை நான் கிளப்புக்கு இழுப்பதில்லை.

மணிக்கு இவ்வளவு என்று சொன்னதும் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, அது வெட் ரேட்டா, டிரை ரேட்டா? வெட் என்றால் பெட்ரோல் உள்ளடக்கம். டிரை என்றால் அவ்காஸ், அதாவது விமானப் பெட்ரோல், உங்கள் செலவு. செஸ்னா 172 மணிக்குச் சுமார் 35 லிட்டர் குடிக்கும், பெருக்கிப் பாருங்கள். இரண்டு, எந்த மீட்டரை வைத்து மணி எண்ணுகிறார்கள்? ஹாப்ஸ் மீட்டர் எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் கடிகாரம் போல ஓடும். டாக்கோ மீட்டர் எஞ்சின் வேகத்தைப் பொறுத்தது. வானில் சீராகப் பறக்கும் க்ரூஸ் வேகத்தில்தான் அதன் ஒரு மணி உண்மையான ஒரு மணி, தரையில் ஓட்டிப் போகும்போது (டாக்ஸி என்பார்கள்) மெதுவாக நகரும். ரன்வே முனையில் வரிசையில் பதினைந்து நிமிடம் காத்திருந்தால் ஹாப்ஸில் அத்தனைக்கும் பணம். ஆகவே டாக்கோ மணிக்கு 2,400, ஹாப்ஸ் மணிக்கு 2,200 என்று இரண்டு இடத்தில் சொன்னால், 2,200தான் மலிவு என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள்.

வெளியூரில் இரவு தங்குவதைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். நான் வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு முறை தெற்குக் கரையோரத்தில் இருக்கும் மார்கேட்டுக்குப் போனேன். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், மாலைக்குள் திரும்புவதாகத் திட்டம். மதியம் காற்று திடீரென்று தென்மேற்காகத் திரும்பி மேகம் கீழே இறங்கிவிட்டது. டர்பன் கரையோரத்தில் இது அடிக்கடி நடக்கும். காலையில் வடகிழக்கிலிருந்து வீசும் காற்று சில நிமிடங்களில் நேர் எதிராக மாறி மழையைக் கொண்டுவரும். நான் அங்கேயே தங்கினேன். மறுநாள் பில்லில், பறக்காத நாளுக்கும் குறைந்தபட்ச மணி என்று இரண்டு மணி நேர வாடகையைச் சேர்த்திருந்தார்கள். ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருந்தது, நான் படிக்கவில்லை. பணம் போனதைவிட எனக்கு வலித்தது வேறு. அன்று மதியம் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, "இன்றைக்கே திரும்பிவிட்டால் அந்தக் கட்டணம் இல்லை" என்ற எண்ணம் மனதில் வந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வானிலைக்காகத் தங்கியவருக்கு அபராதம் போடும் எந்த ஏற்பாட்டிலும், அது கிளப்பானாலும் சரி, சேராதீர்கள்.

எஞ்சின் நிதி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

சிறிய விமானங்களில் பரவலாக இருக்கும் லைகாமிங் ஓ-320 எஞ்சினை 2,000 மணி நேரத்துக்கு ஒரு முறை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் சொல்வது. மணி முடியாவிட்டாலும் 12 வருடம் என்று ஒரு கெடுவும் உண்டு. அது பெரிய செலவு. கணக்குக்காக 5 லட்சம் ராண்ட் என்று வைத்துக்கொண்டால், பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் 250 ராண்டைத் தனியாக எடுத்து வைத்தால்தான் அந்த நாள் வரும்போது பணம் இருக்கும்.

நான் முதலில் சேர்ந்த ஒரு கிளப்பில் மணிக் கட்டணம் மற்ற எல்லோரையும்விடக் குறைவு. அதைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். எதனால் குறைவு என்று கேட்கத் தோன்றவில்லை. பத்து மாதம் கழித்து எஞ்சின் கெடு வந்தது. நிதியில் பார்த்தால் ஒரு டயர் வாங்கும் அளவுக்குக்கூடப் பணம் இல்லை. வருடக்கணக்காக அந்த 250 ராண்டைக் கட்டணத்தில் சேர்க்காமல், மலிவு என்று காட்டியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் இருந்தவர்கள் மலிவாகப் பறந்துவிட்டு விலகிவிட்டார்கள். அவர்கள் பறந்ததற்கும் சேர்த்து நாங்கள் கட்ட வேண்டியிருந்தது. பாதிப் பேர் முடியாது என்றார்கள். விமானம் எட்டு மாதம் ஹேங்கரில் தூசி படிந்து நின்றது, சந்தா மட்டும் நிற்கவில்லை. அங்கிருந்துதான் விலகினேன்.

அதனால் கேளுங்கள்: எஞ்சின் எத்தனை மணி ஓடியிருக்கிறது? கடைசியாகப் புதுப்பித்து எத்தனை வருடம் ஆகிறது? நிதியில் இன்று எவ்வளவு இருக்கிறது? மூன்று பதிலையும் ஒரு தாளில் எழுதி வகுத்துப் பாருங்கள். 1,600 மணி ஓடிய எஞ்சினுக்கு, மேலே சொன்ன கணக்குப்படி, 4 லட்சம் இருக்க வேண்டும். ஒரு லட்சம்தான் இருக்கிறது என்றால் மீதியில் உங்கள் பங்கு என்ன என்று சேரும் முன்பே தெரிந்துகொள்ளலாம். இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நல்ல கிளப்பின் பொருளாளர் இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பவர் போல உட்கார்ந்து விளக்குவார். முகம் சுளித்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

விமானத்தைத் தொட்டுப் பாருங்கள்

அடுத்து விமானத்தின் புத்தகங்கள். இங்கே ஒவ்வொரு விமானத்திலும் ஃப்ளைட் ஃபோலியோ என்று ஒரு புத்தகம் இருக்கும். யார், எப்போது, எத்தனை மணி பறந்தார், என்ன கோளாறு கண்டார் என்று பறந்தவர் கையெழுத்தோடு எழுதுவது. அதில் கோளாறுகளை எழுதும் பகுதியைப் புரட்டுங்கள். ஒன்றுமே எழுதாமல் சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். நாற்பது ஐம்பது வருட விமானத்தில் கோளாறே வராமல் இருக்காது. எழுதவில்லை என்றுதான் அர்த்தம். நான் வாடகைக்கு எடுத்த ஓர் இடத்தில் இடது பிரேக் மிதித்தால் பஞ்சு மாதிரி இருந்தது. எழுதப் போனேன். "எழுதினால் விமானம் நின்றுவிடும், வாயால் சொன்னால் போதும்" என்றார்கள். இரண்டு வாரம் கழித்து அதே விமானத்தை எடுத்தேன், அதே பிரேக்.

நல்ல ஃபோலியோவில் "வலது லேண்டிங் லைட் எரியவில்லை" என்று ஒருவர் எழுதியிருப்பார். அதற்கு நேராக என்ன செய்தார்கள், எந்தத் தேதியில், யார் கையெழுத்து என்று இருக்கும். எழுதியதற்கும் சரிசெய்ததற்கும் நடுவே எத்தனை நாள் என்று பாருங்கள். அதோடு, கட்டாயப் பராமரிப்புச் சோதனை, எம்பிஐ என்பார்கள், கடைசியாக எப்போது நடந்தது, அடுத்தது எத்தனை மணியில் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் விமானத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் கிளப்பின் மூத்த உறுப்பினர் ஒருவர். இந்த மண்ணில் பிறந்த நான்காம் தலைமுறைத் தமிழர். 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழி. அவருக்குத் தெரிந்த தமிழ் வார்த்தைகள் கொஞ்சம்தான். அவற்றில் ஒன்று 'தம்பி'. நான் அவரை அங்கிள் என்பேன், இங்கே எல்லோரும் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் சேர வந்த அன்று அவர் என் கையைப் பிடித்து ஃப்ளாப்பின் (இறக்கையின் பின்புறம் கீழே இறங்கும் தகடு) கீல் இருக்கும் இடத்தில் வைத்து, "தம்பி, பாரு" என்றார். விரலை எடுத்துப் பார்த்தால் வெள்ளையாக, கோலமாவு ஒட்டியது போல ஒரு தூள். அலுமினியத்தைக் கடல் உப்பு தின்பதன் அடையாளம். "இந்த இடத்தைத்தான் நாங்கள் சனிக்கிழமை கழுவுவது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். தன் கிளப் விமானத்தின் குறையைப் புது ஆளிடம் தானே காட்டுகிற மனிதர். அந்த இடத்திலேயே நான் சேர முடிவு செய்துவிட்டேன்.

கரையோர விமானங்களில் இந்தத் தூளைத் தேடுங்கள்: கீல்கள், ஆணித்தலைகள், வால் பகுதியின் அடிப்புறம். கொஞ்சம் இருந்தால் பயமில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை என்றால்தான் பயம்.

இறக்கையின் அடியில் பெட்ரோல் வடிக்கும் இடத்தில் ஒரு சின்னக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அவ்காஸ் 100எல்எல் வெளிர் நீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாமல் குமிழ் போலத் தனியாக நிற்கும்.

உங்கள் தேவைக்கு அது போதுமா

நான்கு இருக்கை இருப்பதால் நான்கு பேர் போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். எடைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஒரு செஸ்னா 172க்கு ஆள், சாமான், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 370 கிலோ ஏற்றலாம் என்று இருக்கிறது என்று வைப்போம். டாங்க் நிறைய 150 லிட்டர் என்றால், லிட்டருக்கு 0.72 கிலோ, 108 கிலோ. மிச்சம் 262. நான், என் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பை, புளிசாதப் பாத்திரம் எல்லாம் சேர்ந்து 245க்குள் அடங்குகிறோம். அதே விமானத்தில் 85 கிலோ நண்பர்கள் நான்கு பேர் ஏறினால் 340. பெட்ரோலுக்கு 30 கிலோதான், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் அளவு. அவசரத்துக்கு என்று முக்கால் மணி நேரப் பெட்ரோலை ஒதுக்கி வைத்தால் எங்குமே போக முடியாது.

ஜோஹன்னஸ்பர்க் நண்பர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ராண்ட் விமானத் தளம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 5,500 அடி உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். டிசம்பர் மதியம் 30 டிகிரி வெயிலில் அங்கே காற்றின் அடர்த்தி 8,500 அடி உயரத்தில் இருப்பதைப் போல ஆகிவிடும். டர்பனில் துள்ளி எழும் 150 குதிரைசக்தி செரோக்கி விமானம் அங்கே ரன்வேயை முக்கால்வாசி தின்றும் தயங்கும். கடற்கரையில் பழகிவிட்டு ரீஃபுக்கு (ஜோஹன்னஸ்பர்க் வட்டாரத்தை இங்கே அப்படிச் சொல்வார்கள்) மாறிப் போகிறவர்கள் அங்கிருக்கும் இன்ஸ்ட்ரக்டரோடு ஒரு கோடை மதியம் பறந்த பிறகே குடும்பத்தை ஏற்றுங்கள்.

காப்பீடு

காப்பீட்டுப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துப் படியுங்கள். விமானத்துக்குச் சேதம் என்றால் உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை, எக்ஸஸ் என்பது, எவ்வளவு? அதை ஓட்டியவர் கட்ட வேண்டுமா, கிளப் பகிர்ந்துகொள்ளுமா? உறுப்பினர்கள் எல்லோரும் காப்பீட்டுக்குள் வருகிறார்களா, அல்லது காப்பீட்டு நிறுவனம் கிளப்புக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு உங்கள் மேல் வழக்குப் போட முடியுமா? குறைந்தபட்சம் இத்தனை மணி பறந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டா? வாடகை இடங்களிலும் இதே கேள்விகள்தான்; அங்கே பதில் பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும்.

உங்கள் சொந்த ஆயுள் காப்பீட்டையும் எடுத்துப் பாருங்கள். சிறிய விமானம் ஓட்டுவதைப் பல பாலிசிகள் விலக்கி வைத்திருக்கின்றன, அல்லது கூடுதல் பிரீமியம் கேட்கின்றன. சொல்லாமல் மறைத்தால் நாளைக்குக் குடும்பம் கேட்கும்போது மறுத்துவிட வாய்ப்புண்டு. பறக்க ஆரம்பிக்கும் முன் எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஆட்கள், முறை, முதல் மாதம்

ஒரு விமானத்துக்கு எத்தனை உறுப்பினர்கள் என்று கேளுங்கள். பதினைந்து பேருக்குள் இருந்தால் வசதி. முப்பது பேர் என்றாலும், அதில் எத்தனை பேர் நிஜமாகப் பறக்கிறார்கள் என்று ஃபோலியோவே சொல்லிவிடும். புக்கிங் பட்டியலில் வருகிற நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைப் பாருங்கள். காலை நேரம் எல்லாம் ஒரே இரண்டு பெயரில் நிரம்பியிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது காற்று தூக்கியடிக்கும் மதியம்தான்.

சட்டப்படி, பயணிகளை ஏற்ற வேண்டும் என்றால் கடந்த 90 நாளில் மூன்று டேக்-ஆஃபும் மூன்று லேண்டிங்கும் செய்திருக்க வேண்டும். நல்ல கிளப்கள் இதைவிடக் கடுமையாக வைத்திருக்கும். முப்பதோ அறுபதோ நாள் பறக்கவில்லை என்றால் இன்ஸ்ட்ரக்டரோடு ஒரு சுற்று போய் வந்த பிறகே தனியாகப் போக விடும். செலவு வைக்கிறார்கள் என்று இதைக் குறை சொல்லாதீர்கள். கிளப்பில் சேர்வதற்கு எனக்கு இருக்கும் முதல் காரணமே இதுதான். வாடகை இடத்தில் என் லேண்டிங்கை யாரும் பார்த்ததில்லை. விமானம் முழுசாகத் திரும்பினால் போதும். கிளப்பில் சேர்ந்த மூன்றாவது வாரம், குறுக்குக் காற்றில் நான் தட்டித் தட்டி இறங்கியதைப் பார்த்துவிட்டு அங்கிள் வாளியைக் கீழே வைத்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை, காற்று ரன்வேக்குக் குறுக்காக அடித்த நேரத்தில், "தம்பி, வா" என்று வலது இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். எட்டு முறை இறங்கினோம். கடைசி இரண்டில் அவர் கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இன்ஸ்ட்ரக்டரும்கூட, அன்றைக்குப் பயிற்சிக் கட்டணம் வாங்க மறுத்துவிட்டார்.

சேர்ந்த பிறகு நடப்பது இது. கிளப்பின் இன்ஸ்ட்ரக்டரோடு செக்-அவுட் ஃப்ளைட், அதாவது உங்களைச் சோதித்துப் பார்க்கும் பறப்பு; ஸ்டால் (வேகம் குறைந்து இறக்கை தூக்காமல் போவது), எஞ்சின் நின்றது போல ஒத்திகை, சில லேண்டிங். அதற்கு முன் அந்த விமானத்தின் கையேட்டைப் படித்து வேகங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரே மாடலாக இருந்தாலும் ஒவ்வொரு விமானத்திலும் ஸ்விட்ச் இருக்கும் இடம் மாறும், ஃப்ளாப் லீவர் மாறும், வேகமானி சிலதில் மைல் கணக்கிலும் சிலதில் நாட் (கடல் மைல்) கணக்கிலும் காட்டும். என்ஜினை ஓட்டாமல் அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பெட்ரோல் வால்வைத் தொட்டுப் பழகுங்கள்.

முதல் மாதம் ஊரைச் சுற்றியே பறங்கள். டொங்காட் பக்கம் கரும்புக் காட்டுக்கு மேல் போகும்போது கிங் ஷாகா சர்வதேச விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்வெளி பக்கத்திலேயே இருக்கிறது. அதன் எல்லைகளை வரைபடத்தில் நீங்களே பென்சிலால் வரைந்து பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க், மார்கேட் எல்லாம் இரண்டாம் மாதம். டிராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் பழகிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல் போகவே வேண்டாம்.

இறங்கிய பிறகு செய்ய வேண்டியதையும் முதல் நாளே பழகிவிடுங்கள், கிளப்பில் உங்களுக்கு நல்ல பெயர் வாங்கித் தருவது அதுதான். பெட்ரோலைக் கிளப் சொல்லும் அளவுக்கு நிரப்புங்கள். முன் கண்ணாடியில் ஒட்டிய பூச்சிகளைக் காய்வதற்குள் துடையுங்கள். வேகம் அளக்கக் காற்றை வாங்கும் பிட்டோ குழாயின் உறையைப் போடுங்கள், இல்லாவிட்டால் குளவி கூடு கட்டிவிடும். விமானத்தைத் தரையோடு கட்டும் மூன்று கயிற்றையும் இழுத்துக் கட்டுங்கள். ஃபோலியோவில் டாக்கோ எண்ணை எழுதி, எஞ்சின் கொஞ்சம் சூடாக ஓடியதா, ரேடியோ இரைந்ததா, அதையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நாளைக் காலை ஆறரைக்கு அந்தச் சாவியை எடுக்கப் போகிறவர் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.